கண்ணாடியைக் கீறிய கல்

ரிஸ்லாவின் மாமி, சஜீத்தின் உம்மா ஹுஸ்னியா, செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"சஜீத், உன்ட பையைக் கட்டு. கள்ளியோட நீ இருக்கத் தேவல்ல."

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்கு. கட்டின மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பான். ரிஸ்லாவின் வீட்டு நடுவில் நின்றுகொண்டே அவளைக் கள்ளி என்றாள் மாமி. சஜீத் உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கலியாணத்தில் சஜீத் மஹராகக் கொடுத்த மோதிரம் விரலை இறுக்கியதால், நேற்று ரிஸ்லா அதை டவுனில் நகைக்கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். கல்லைப் பார்த்த கடைக்காரர், "வைரமில்ல மகள், வெள்ளைப் படிகம்" என்றார். அதை அவள் புருஷனிடம் சொல்ல, அவன் உம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"ஹாபர்ல கப்பல்காரனிட்ட வாங்கக்குள்ளயே நான் கண்ணாடியில கீறிப் பார்த்தனான்!" என்று மாமி கத்தினாள். "வைரம்தான் கண்ணாடியக் கீறும். அதைக் கழட்டி வித்துப்போட்டு, படிகத்த வெச்சிருக்கா!"

ரிஸ்லா மோதிரத்தைக் கழற்றி அலுமாரிக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தாள். பல் கூசும் சத்தத்தோடு வெள்ளைக் கோடு விழுந்தது.

"இதுவும் கீறுது மாமி. படிகம் கண்ணாடிய விட உரம். அது தெரியாம நீங்க ஏமாந்துட்டீங்க."

"ரெண்டும் கீறுமெண்டா, நீ மாத்தல்ல எண்டதுக்கு யார் சாட்சி?"

"நீங்கதான்."

ரிஸ்லா போனில் கலியாண வீடியோவைப் போட்டாள். பட்டுச்சேலையில் மாமி, மோதிரத்தைக் கமராவுக்கு நேரே பிடித்திருந்தாள். 'உள்ளுக்க வானவில் இருக்கு பாருங்க! வைரமெண்டா இதுதான்!'

ரிஸ்லா மோதிரத்தை யன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். கல்லின் அதே மூலையில், நகக்கீறல் அளவில், அதே வானவில்.

"கல்லுக்குள்ள மெல்லிய வெடிப்பு. வெளிச்சம் பட்டா நிறம் காட்டும் எண்டார் கடைக்காரர். ஊருக்கே நீங்க காட்டினது இந்த வெடிப்பத்தான்."

மாமியின் முகம் கறுத்தது. "படிச்ச வாய்" என்று முணுமுணுத்தபடி வாசலைத் தாண்டினாள். மன்னிப்பு ஒரு சொல் இல்லை.

சஜீத் மெதுவாகப் பையைக் கதிரையில் வைத்தான்.

"அதை இங்க வைக்காதீங்க," என்றாள் ரிஸ்லா. "வீடியோவப் பார்க்க முந்தி, நான் மாத்தினன் எண்டு நீங்களும் நம்பினீங்களா?"

அவன் கண்ணாடியில் விழுந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ரிஸ்லா பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.