கற்றல் படத்தில் செத்துப்போன நாய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது போன வருஷம் கிருஷ்ண ஜெயந்தியன்று, ராஜபாளையத்தில் நான் வழி தவறியபோது. எப்படி என்பதை மூன்றாம் பகுதியில் சொன்னால்தான் ருசி. முப்பது வருஷம் பத்திர ஆபீசில் உண்மையையே எழுதிக் கை மரத்துப்போனவன் நான். இனிமேல் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: 'ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைவிட உயரமான ஒரு நாய்—'

(வேண்டாம். இடுப்பு உயரம் போதும்.)

இரண்டாவது: 1938. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியப் பயிற்சி முடித்த தேவகிருபை, ராஜபாளையத்தில் பெண்கள் பள்ளி நடத்தும் சோலைராஜிடம் வேலை கேட்டாள். கிடைக்காவிட்டால் கொழும்பிலிருக்கும் அண்ணனுக்குச் சமைத்துப்போடக் கப்பலேற வேண்டும். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று புஸ்தகங்கள் சொல்வதையெல்லாம் ஒரே தாளில் வரைந்து வரச் சொன்னார் அவர். எழுத்தறியாத தாய்மாருக்கும் புரிய வேண்டும்.

வரைந்தாள். சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்ததால், மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும் நாய்: பழக்கம். முட்டி மோதிக் கூண்டின் தாழ்ப்பாளைத் திறக்கும் பூனை: முயற்சி. எட்டாத பழத்தைச் செத்த நேரம் பார்த்திருந்துவிட்டுப் பெட்டிமேல் பெட்டி அடுக்கும் குரங்கு: யோசனை. நடுநடுவே அம்புக்குறிகள். நாய்க்கு மாதிரி, சோலைராஜ் வளர்த்த வெள்ளை வேட்டை நாயேதான்.

"எங்க நாயை எதுக்கும்மா அம்பு விட்டுக் கொன்னிருக்கீக?"

"கொல்லலைங்கய்யா. மணியிலருந்து நாய்க்குப் போகுதுன்னு..."

"போய்க் குத்திருச்சே. வாயில வேற தண்ணி ஒழுகுது. உசுரு போற நேரம்போல."

"அது எச்சில் ஐயா."

"எங்க ஊரு நாய் பன்னியப் பாத்தே எச்சில் விடாது. மணிக்கா விடும்?" தாளைச் சுருட்டிக் கொடுத்தார். "எனக்கே வெளங்கல. இன்னும் ஒரு தரம் வரைஞ்சு வாங்க. அம்புட்டுத்தான்."

(நாய் தன் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டது என்று எழுதி அடித்துவிட்டேன், மனசில்லாமல்.)

3

தேவகிருபைமேல் எனக்கொரு சந்தேகம். படித்தவளுக்கு வேறு குறி தோன்றாதா? கோடு போட்டாள், நாயைக் கட்டிய கயிறாகத் தெரிந்தது. சுட்டுவிரல் போட்டாள், பூனையை அதட்டுவதுபோல் இருந்தது. அவகாசம் கேட்க சோலைராஜ் வீட்டுக்குப் போன அன்று கிருஷ்ண ஜெயந்தி. வாசலில் ஆளில்லை. தரையில் மாவில் இட்ட குட்டிப் பாதங்கள். வேதக்கோயில் தெருவில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். இப்படியொரு வீட்டுக்குள் போனதில்லை. பாதங்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள். கூடம் தாண்டியது தெரியவில்லை. நின்ற இடம் பூஜை அறை வாசல். உள்ளே, கையில் வெண்ணெயோடு சோலைராஜின் மனைவி.

"யாரும்மா நீ? உன்ன இம்புட்டுத் தூரம் யாரு கூட்டிட்டு வந்தா?"

தேவகிருபை தரையைக் காட்டினாள். காட்டிய விரலை மடக்க மறந்தாள்.

(நானும் போன வருஷம் இப்படித்தான், மாவுப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே முன்பின் தெரியாத வீட்டின் சீடைத் தட்டு வரை போய்விட்டேன். கதை கிடைத்தது அங்கேதான்.)

4

புதுத் தாளில் அம்பே இல்லை. மணியிலிருந்து நாய்க்கு, கூண்டிலிருந்து தாழ்ப்பாளுக்கு, பெட்டியிலிருந்து பழத்துக்குக் குட்டிப் பாதங்கள். கடைசிப் பாதம் தாளின் ஓரத்தில், வெளியே பார்த்து.

யாரும் சொல்லாமலே சோலைராஜின் விரல் முதல் பாதத்தில் ஏறியது. நாயிடம் செத்த நேரம் தயங்கி, பூனை, குரங்கு எல்லாம் தாண்டி ஓரத்தில் வந்து நின்றது.

"பொறவு?"

"அங்கதான் ஐயா பிள்ளை உக்காந்திருக்கும்."

5

முடிவு ஒன்று: வேலை கொடுத்தார், ஏழூர் மேளம் முழங்கியது. முடிவு இரண்டு: "எச்சில் இன்னும் ஒழுகுதே" என்றார், கப்பல் புறப்பட்டது. முடிவு மூன்று: அவர் மெல்ல

(இல்லை.)

பாதத்தின் பின்னால் போக வேண்டும் என்று சோலைராஜ் எந்த வழியில் கற்றார்? பழக்கமா, முயற்சியா, யோசனையா? அது பிடிபடாமல் எனக்குக் கதையை முடிக்க வரவில்லை. அவருடைய விரல் தாளின் ஓரத்திலேயே நிற்கிறது. தாளுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது நீங்கள்தான், சொல்லுங்கள்.