கட்டுக்கலை வீட்டு அலுமாரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில், திகனையில் இருந்த ஸுலைஹாவின் குசினியில், அடுப்படிக்குப் பக்கத்தில், ஒரு மூலை அலுமாரி செய்வதென்று முடிவானது. கண்டியில் துணிக்கடை வைத்திருந்த அவள் கணவர் மஹ்தூம்தான் கோவிந்த ஆசாரியை அளவெடுக்க அனுப்பினார். அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"தட்டு ஆழமா வாணாம். உள்ளுக்குப் போன சாமான் கைக்கு எட்டாது."

"நடுவுல கம்பம் நட்டு வட்டத் தட்டா மாட்டிடுறேங்க. திருப்புனா பின்னால உள்ளது முன்னால வந்துரும். மொதலாளியோட மத்த வீட்டு அம்மாவுக்கும் அதுதான் புடிச்சுது."

"எந்த வீடு?"

"கண்டியில, கட்டுக்கலையில உள்ள வீடுதாங்க. கைப்புள்ளையோட..." ஆசாரி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சரக்கு வரும் நாட்களில் கடையிலேயே படுப்பதாக மஹ்தூம் சொல்லி வந்தார். தரை குளிருமே என்று அவள் கம்பளி கொடுத்தனுப்பியிருந்தாள்.

மாலையில் வந்தவர், "எந்த மாதிரி செய்யச் சொன்ன?" என்று கேட்டார்.

"கட்டுக்கலையில உள்ள மாதிரி."

அவர் தொப்பியைக் கழற்றாமலே நின்றார். "சொல்லத்தான் இருந்தேன்," என்றார்.

மறுநாளே அவள் தன் உடன்பிறந்த மூத்தவரான காக்காவோடு மடவளைக்குத் தாய் வீடு போனாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, மார்க்கம் அனுமதித்ததுதானே என்று சமாதானம் பேசினார்கள்.

"ரெண்டு குசினி வெச்சதப் பத்தி நான் ஒண்டும் சொல்லல்ல," என்றாள் ஸுலைஹா. "எனக்கு மறைச்சுத்தானே வெச்சாரு."

அவள் திரும்பிப் போகவில்லை.