திரியில் ஏறாத தண்ணீர்

சிவப்புத் துணி நனைந்திருந்தது. வெள்ளைத் துணி காய்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே வாளித் தண்ணீரில்தான் முங்கியிருந்தன.

விஜயராணி இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு, வாளி விளிம்பைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, மண்ணுக்குள் போகிற வரைக்கும் சொதசொதவென்று இருந்தது. வெள்ளையோ தண்ணீருக்கு ஒரு விரல் மேலேயே மொடமொடவென்று நின்றது. நேற்று சாயங்காலம்தான் போட்டாள். ராத்திரி முழுக்க என்ன செய்துகொண்டிருந்தது இந்தத் துணி?

அருள்புரத்தில் அவள் குடியிருக்கும் காம்பவுண்டின் மொட்டை மாடி அது. இரண்டு செங்கல் மேல் ஒரு பழைய பெயின்ட் வாளி. சுற்றிலும் எட்டு மண் பைகள். பனியன் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையில் கல்லைக் கட்டி வாளிக்குள் விட்டு, மறு முனையைச் செடியின் வேரோரம் புதைத்திருந்தாள். அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுக்கிறதல்லவா, அதே கணக்கு. நூலுக்கும் நூலுக்கும் இடையில் இருக்கிற சின்னச் சின்னச் சந்துகளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தானாக மேலே ஏறும், விளிம்பைத் தாண்டும், மண்ணில் இறங்கும். மண் காயக் காய இழுத்துக்கொள்ளும். ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

ஆள்தான் இல்லை என்பது பிரச்சினை. வருகிற வெள்ளிக்கிழமை அவளும் புருஷன் முனீஸும் பங்குனிப் பொங்கலுக்குச் சாத்தூர்ப் பக்கம் போகிறார்கள். வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் பழனிக்குப் பாதயாத்திரை. கடைசி வீட்டு சிவபிரகாஷும் அதே கூட்டத்தோடு காவடி எடுக்கிறான். ஹோலிக்கு ஊருக்குப் போன பீகார்க்காரர்கள் இன்னும் திரும்பவில்லை. பங்குனி வெயிலில் நாலு முழு நாள், மொட்டை மாடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவர நாதியில்லை.

பூச்செடிகள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவாள். மிதிபாகலை அப்படி விட முடியாது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத, முள்ளு முள்ளான குட்டிப் பாகற்காய். குண்டடம் சந்தையில் ஒரு அம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த அஞ்சே விதையில் நாலு முளைத்து, இப்போதுதான் கொடி வீசி மொட்டு விடுகிறது. அடுத்த சந்தைக்குப் போய்க் கேட்டதற்கு, அம்புட்டுத்தான் இருந்தது என்று அந்த அம்மாள் கையை விரித்துவிட்டாள். இந்த நாலும் காய்த்து விதை தந்தால்தான் உண்டு. கருகினால் அத்தோடு சரி.

வாடியது அந்த நாலும்தான். சிவப்பும் நீலமுமாக வண்ணத் துணி போட்ட செண்டுமல்லியும் காசித்தும்பையும் பட்டன் ரோஜாவும் பளிச்சென்று நின்றன. பாகல் இலைகள் மட்டும் குடை மடக்கியதுபோலத் தொங்கின. அவளுக்கு அதுதான் எரிச்சல். நல்ல துணியைப் பார்த்துப் பார்த்துப் போட்டது பாகலுக்குத்தானே.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். சாயம் விட்ட பீஸ் எத்தனையை ஒதுக்கிப் போட்டிருப்பாள். சாப்பிடுகிற செடியின் வேரில் சாயத்துணியா என்று யோசித்து, கட்டிங்கில் விழுந்த வண்ணத் துண்டுகளைப் பூச்செடிக்கு ஒதுக்கினாள். பாகலுக்கு, முனீஸ் வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனியிலிருந்து கோராத் துணி கொண்டுவரச் சொன்னாள். மிஷினிலிருந்து இறங்கின கையோடு, சாயப்பட்டறையையே பார்க்காத துணி. சுத்தப் பஞ்சு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் ஏழு மணிக்கெல்லாம் விஜயராணியும் தெய்வாத்தாளும் சிவபிரகாஷும் மாடியில் கூடிவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள். தெய்வாத்தாள் தன் அரைக்கீரைத் தொட்டியில் களை எடுத்துக்கொண்டே, இந்த வருஷம் மாசிப் பனி போகும்போதே வெயிலைக் கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனதாகக் குறைப்பட்டாள். புதன்கிழமை மழை என்று போன் சொல்வதாக சிவபிரகாஷ் காட்டினான். தெய்வாத்தாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உன்ற போன்ல பேயற மழை என்ற மாடிக்கு மட்டும் வரமாட்டீங்குதே சாமி. மூணு தடவ நம்பி வடகத்தை எடுத்து உள்ள வெச்சேன்."

பேச்சு மழையிலிருந்து வடகத்துக்கும், வடகத்திலிருந்து பாகற்காய்க்கும் போயிற்று. கொங்கு நாட்டுக்காரர்கள் பாகற்காயில் வெல்லத்தைப் போட்டுக் கெடுக்கிறார்கள் என்றாள் விஜயராணி. கசப்பைக் காசு கொடுத்துத் தின்கிறவர்களிடம் என்ன பேசுவது என்றாள் தெய்வாத்தாள். அதற்கப்புறம்தான் வாடின செடிகளை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

பாகல் இருக்கிற மேற்குப் பக்கம் வெயில் அதிகம், அதில் துணி காய்கிறது என்றாள் தெய்வாத்தாள். சிவபிரகாஷ் சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறவன். சாயம் ஏற்றும்போது உப்பு போடுவார்கள், உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால்தான் வண்ணத் துணி இழுக்கிறது என்று அடித்துச் சொன்னான். அலசி அலசி வருகிற துணியில் உப்பு எங்கே இருக்கும் என்று விஜயராணி திருப்பிக் கேட்டாள். பேசாமல் பாகலுக்கும் சிவப்பையே போட்டுவிடலாமே என்றான் பிறகு. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சாயத்துணி வேண்டாம் என்பது ஒன்று. வெள்ளை ஏன் இழுக்கவில்லை என்று தெரியாமல் விட மனசில்லை என்பது இன்னொன்று.

திங்கட்கிழமை பைகளைக் கிழக்கும் மேற்குமாக இடம் மாற்றினாள். வெள்ளை எங்கே போனாலும் காய்ந்தே கிடந்தது. ஆக வெயில் காரணமில்லை. செவ்வாயன்று திரியை நாலு விரல் அகலமாக்கினாள். நாலு விரல் அகலத்துக்குக் காய்ந்தது. புதன்கிழமை முனீஸைப் பிடித்துக்கொண்டு, துணியில் ஏதோ கோளாறு என்றாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மிஷின்ல ஒரு ஊசி வளைஞ்சாக்கூட எனக்குத் தெரியும். துணியச் சொல்லாத, உன் பாகலுக்குத்தான் தண்ணி பிடிக்கல" என்றான். அன்றைக்கு மழையும் வரவில்லை. பாகலுக்கு அவள் சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு தெய்வாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய எலுமிச்சைச் சந்தகையோடு மாடிக்கு வந்தாள். இட்லி மாதிரி வேகவைத்து, சூட்டோடு பிழிந்து, தாளித்தது. நாளைக்கு நடைப்பயணம், அதனால் வீட்டில் மாவு மிச்சம் வைக்கக்கூடாதாம். ஷிப்ட் முடிந்து வந்த சிவபிரகாஷ் கையைக்கூடக் கழுவாமல் இலையைப் பிடித்தான்.

நன்றாக இருக்கிறது என்று விஜயராணி சொன்னதும், தெய்வாத்தாள் வேறொன்றை ஞாபகப்படுத்திக்கொண்டாள். "ஏனுங்க ராணி, இட்லித் தட்டுக்குன்னு ஒரு கோராத் துணி குடுத்தீங்களே, நல்லாப் பாடு படுத்துச்சு போங்க. தண்ணி தெளிச்சா சேம்பிலைல ஊத்துனாப்புல உருண்டு உருண்டு ஓடுது. அப்பறம் சலவைச் சோடாப் போட்டு ஒரு கொதி விட்டெடுத்தேன். இப்பத்தான் துணியாட்ட இருக்குது."

விஜயராணி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க. தண்ணி உருண்டு ஓடுச்சா?"

சிவபிரகாஷ் அதற்குள் நெற்றியில் அடித்துக்கொண்டான். வாயில் சந்தகை இருந்ததால் சொல்ல முடியவில்லை, விழுங்கிவிட்டுச் சொன்னான். லேபில் அவன் வேலையே அதுதான். துணியை டம்ளர் வாய் மேல் விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எத்தனை விநாடியில் உள்ளே போகிறது என்று எண்ணுவது. சொட்டு சட்டென்று மறைந்தால்தான் துணி சாயத்துக்குப் போகலாம். "ஒரு நாளைக்கு நாப்பது துணிக்குச் சொட்டு விடறேனுங்க்கா. நாலு நாளா இது முன்னாடி நின்னுட்டு உப்புன்னு சொல்லிட்டிருந்தேன் பாருங்க."

உடனே மூன்று டம்ளர் வந்தது. ஒன்றின் மேல் கோராத் துணி, ஒன்றின் மேல் சிவப்பு, மூன்றாவதில் தெய்வாத்தாளின் இட்லித் துணி. விரல் நுனியால் விஜயராணி ஒவ்வொரு சொட்டு விட்டாள். சிவப்பில் விழுந்தது ஒன்று என்று எண்ணுவதற்குள் காணோம். இட்லித் துணியிலும் காணோம். கோராவில் விழுந்தது கண்ணாடி மணி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அறுபது வரைக்கும் எண்ணினார்கள். அசையவில்லை. தெய்வாத்தாள் டம்ளரைச் சாய்த்ததும் உருண்டு ஓடிப்போயிற்று.

காரணத்தை சிவபிரகாஷே எடுத்துச் சொன்னான். பஞ்சு செடியிலேயே மெழுகோடுதான் பிறக்கிறது. மழையில் காய் வெடித்தாலும் உள்ளே ஊறிப்போகாமல் இருக்க, இழை ஒவ்வொன்றுக்கும் மெல்லிசாக ஒரு மெழுகுப் பூச்சு. அதன் மேல் நிட்டிங் மிஷினில் ஊசி தேயாமல் ஓட விடுகிற எண்ணெயும் கொஞ்சம் ஏறிக்கொள்கிறது. மெழுகும் எண்ணெயும் பூசின நூலைத் தண்ணீர் பிடித்து ஏற முடியாது. சாயப்பட்டறைக்காரர்கள் முதலில் சலவைச் சோடா மாதிரிக் காரம் போட்டுக் கொதிக்கவைத்து இதையெல்லாம் எடுத்த பிறகுதான் சாயத்தையே தொடுவார்கள். ஆகவே சிவப்புத் துணி குளித்துவிட்டு வந்த துணி. கோராத் துணி இன்னும் குளிக்கவே இல்லை. சுத்தம் என்று அவள் தேடிப் பிடித்துப் போட்டது, மெழுகுச் சட்டையோடு இருந்த துணியை.

எண்ணெய் என்றதும் படியேறி வந்துகொண்டிருந்த முனீஸ் நின்றான். "அப்ப என் மிஷினும் கூட்டுக் களவாணியா?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

தெய்வாத்தாளின் பெரிய எவர்சில்வர் குண்டாவில் சலவைச் சோடாவோடு நாலு திரியும் கொதித்தன. அரை மணியில் தண்ணீர் லேசாகப் பழுப்பேறி, டீக்கடைக் கடைசி டீ நிறத்துக்கு வந்தது. மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு கொண்டுபோய் வாளியில் போட்டாள் விஜயராணி. இருட்டுவதற்கு முன் பாகல் பையில் விரலை விட்டுப் பார்த்தபோது, திரியைச் சுற்றி மண் கறுத்திருந்தது. வாளிக்கு மேல் தூசியும் வெயிலும் படாமல் ஒரு பழைய தாம்பாளத்தைக் கவிழ்த்தாள். காலையில் முனீஸ் வாளியை விளிம்பு வரைக்கும் நிரப்பினான். பஸ் ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை திரும்பினதும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். வாளியில் கால் பங்குதான் மிச்சம். ஒரு பாகலில் அடி இலை இரண்டு மஞ்சளாகியிருந்தது. மற்றபடி நாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழம் ஏறியிருந்தன. ஒரு பூவுக்குப் பின்னால், அரிசி அளவில், முள்ளோடு ஒரு பிஞ்சு.

தெய்வாத்தாள் காலில் கொப்புளத்தோடு படி ஏற முடியாமல் கீழேயிருந்தே கேட்டாள், இருக்குதா போச்சா என்று. இருக்குக்கா என்று சொல்லிவிட்டு, விஜயராணி கம்பெனி மார்க்கர் பேனாவை எடுத்து, அடுத்த கோடைக்கு மறக்காமலிருக்க வாளியின் பக்கத்தில் எழுதினாள்:

கோராத் துணியை அப்படியே திரி போடக்கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா (ஆப்ப சோடா இல்லை) போட்டு அரை மணி கொதிக்க வைத்து, மூன்று தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். சொட்டு உடனே உள்ளே போனால், ஈரத்தோடே திரி போடலாம்.