எஞ்சினில் ஏறிய தண்ணீர்

எஞ்சினில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தபோது அதன் நுனியில் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஷிரா சாவியைத் தொடவில்லை. மடவளையிலிருந்து பதினான்கு பிள்ளைகளைக் கட்டுகஸ்தோட்டைக்கு ஏற்றிப்போகிற வேன் அது. வெள்ளம் வடிந்து அன்றுதான் பாடசாலை திறக்கிறது. இன்றைக்கு வேன் வராது என்று பெற்றோரை ஒவ்வொருவராகப் போனில் அழைத்துச் சொன்னாள்.

மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூத்த மகன், இன்ஷிராவின் கணவன், கத்தாருக்குப் போனதிலிருந்தே, வேனை இளையவன் நஸீப் ஓட்டட்டும், மருமகள் வீட்டில் இருக்கட்டும் என்பதுதான் அவருடைய பேச்சு.

பத்து மணிபோல் மெக்கானிக் அழகமுத்து வந்து, வேனுக்கடியில் படுத்து ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றினார். நஸீப் பேசினை அடியில் ஏந்திப் பிடித்தான். கொஞ்சம் தண்ணீர் கொட்டியது. பின்னால் கூழ்போல் ஒன்று மெதுவாக இறங்கியது.

"தண்ணி போனது பெருசில்லீங்க, வடிச்சு விட்டிருக்கலாம். யாரோ ஸ்டார்ட் பண்ணிருக்காங்க. அதான் இப்படிக் கலங்கிருக்கு."

பேரிங் அடிபட்டிருந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

"தண்ணி வடிஞ்சதும் நீதானே பாக்கப் போன?" என்றார் மாமி.

"நான் சாவியே போடல்ல மாமி."

சொல்லும்போதே அவள் கண் நஸீபிடம் போயிற்று. அவன் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளத்தன்று அவள் மாமியைக் கைத்தாங்கலாகப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனபோது, பின்னால் வீட்டில் நின்றவன் அவன் ஒருவன்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் தான் சொன்னால், மகன்மேல் பழி போடுகிறாள் என்றாகிவிடும்.

"நான்தான் உம்மா," என்றான் நஸீப், நிமிராமலே. "தண்ணி கூடக்கூட, மேட்டுல ஏத்தப் பாத்தன். ரெண்டு தரம் அடிச்சன், நின்டுட்டு. மதினிக்கிட்ட செல்லப் பயமா இருந்திச்சி."

மாமி உள்ளே போகவில்லை.

சிலிண்டர்களில் தண்ணீர் இருக்கிறதா என்று அழகமுத்து பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். பில்டரை மாற்றி, எஞ்சினைக் கழுவுவதற்கென்று மலிவு ஒயில் ஊற்றி, இன்ஷிராவை ஏறச் சொன்னார். மூன்றாம் தரம் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் ஓடத் தொடங்கியது. அவர் நீண்ட ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பேரிங் தட்டுகிற சத்தம் வருகிறதா என்று பிடியில் காதை வைத்து, பேசாதீர்கள் என்று மற்றக் கையை உயர்த்தினார். நஸீப் பேசினோடு அசையாமல் நின்றான். மாமி ஒரு படி இறங்கி வந்து நின்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்ஷிரா கண்ணாடி வழியே அந்தக் கையையே பார்த்திருந்தாள். அது இன்னும் இறங்கவில்லை.