மறுகால் மீன்

சேத்தூருக்கு மேற்கே, மலையடியில் கிடக்கும் கண்மாய்க்கு மடை திறக்கிற உரிமை ராக்கப்பன் குடும்பத்துக்கு. அந்த வீட்டு ஆண் கை வைக்காமல் மடைப்பலகை எழும்பியதாக ஊரில் யாரும் சொல்ல முடியாது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கரையோரக் கல்தடுப்பான கலிங்கின் மேலேறி வெளியே விழுந்தால் மறுகால் பாய்கிறது என்பார்கள். அப்படிப் பாய்கிற வருஷம், கலிங்கின் கீழே பிடிபடும் முதல் விராலைக் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்கு அண்ணன்காரன் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆள் விட்டு அனுப்பினால் அது வெறும் மீன். தானே கொண்டுபோனால்தான் மறுகால் மீன். அந்த வீட்டுப் பெண்களுக்குப் பொங்கல் சீரைவிட அதுதான் பெரிது.

ராக்கப்பனின் ஒரே தங்கை சுந்தரம்மாள் வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். காலையில் பிடித்த மீன் மதியத்துக்குக் குழம்பாகிவிடும் தூரம். அந்தத் தூரத்தைத்தான் அவர் ஒன்பது வருஷமாகக் கடக்கவில்லை.

சண்டை ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது. சுந்தரம்மாள் புருஷனை இழந்தவள். மகள் கார்த்திகாவின் கல்யாணத்தை ராக்கப்பன்தான் முன்நின்று நடத்தினார். ஆனால் அச்சாகி வந்த பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு மேலே, மில் வைத்திருந்த ஒரு பங்காளியின் பெயர் ஏறியிருந்தது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவருக்கு வரிசை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமன் சீரைச் சபையில் இறக்கினார். முறை எதையும் குறைக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்தார். மண்டப வாசல்வரை ஓடிவந்து கையைப் பிடித்த தங்கையிடம், "இனி மறுகால் மீனோட வந்தாத்தான் உன் வீட்டு வாசல்ல கால் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அது ஆவணி மாதம். சொல்லும்போதே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் சொன்னார். கார்த்திகையில் கண்மாய் எப்படியும் பாயும். மூன்று மாதக் கோபம் ஒரு தாய்மாமன் மரியாதைக்குப் போதும். பிறகு மீனைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து போய்விடலாம். நடுவில் யாரும் வந்து சமாதானம் பேச வேண்டியதில்லை. சுந்தரம்மாளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் அழுகையிலேயே பாதி சிரிப்பு இருந்தது.

கண்மாய் அந்தக் கார்த்திகையில் பாயவில்லை. அடுத்த கார்த்திகையிலும் பாயவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொண்டதெல்லாம் மழையைப் பற்றித்தான். "அண்ணே, அங்க மழையா?" என்பாள். "மலையில கறுத்துக் கெடக்கு" என்பார். "இங்க தூறுது." "இங்கயும் வரும்." அவ்வளவுதான். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டதில்லை. தண்ணீர் எந்தக் கல்லுவரைக்கும் நிற்கிறது என்று கேட்பாள். பதில் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிடுவார்.

இந்த வருஷம் ஐப்பசியில் அவள் மகன் வினோத் பேசினான்.

"மாமா, அம்மாவ ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்ட வித்தாச்சு. கார்த்திகையில சாமான் ஏத்த வண்டி வருது. அதுக்குள்ள வந்து செத்த நேரம் இருந்துட்டுப் போங்க."

"பாயட்டும்டா, வாரேன்."

"இன்னுமா மாமா அதப் புடிச்சிக்கிட்டு இருக்கீக?"

"சொன்ன சொல்லைப் புடிக்காம மாட்டு வாலையா புடிக்கச் சொல்லுத?"

சொல்லிவிட்டாரே தவிர, அன்று இரவு வாசலில் கட்டிலைப் போட்டு மலைப்பக்கம் பார்த்துப் படுத்தார்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. ஓட்டு வீடும் மச்சு வீடும் ஒன்றாகச் சத்தம் போடுகிற மழை. விடிந்ததும் ராக்கப்பன் குடையோடு கண்மாய்க் கரைக்குப் போனார். இத்தனை மழைக்குத் தண்ணீர் கரையில் அலையடிக்க வேண்டும். அதுவோ பாதிக்கும் கீழே கிடந்தது. கண்மாய்க்குள் அங்கங்கே ஆள் மூழ்குகிற பள்ளங்கள். அந்தப் பள்ளங்களைச் சுற்றித் தண்ணீர் மெல்லச் சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கரைக்கு அந்தப் பக்கம் செங்கல் காளவாசல் போட்டிருந்த கண்ணுச்சாமி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ராக்கப்பன் நேரே அவனிடம் போனார்.

"வண்டல் அள்ளப் போறேன்னு அனுமதி வாங்கி, முட்டளவு எடுக்க வேண்டியதுக்குக் கெணறு தோண்டி வச்சிருக்கியே! அடியில களி போயி சரளை தெரியுதுலே. தண்ணி எப்படி நிக்கும்?"

கண்ணுச்சாமி கயிற்றை விடவில்லை. "ஹவில்தார், சத்தம் போடாதேயும். உம்ம வீட்டு மச்சு எந்தக் கல்லுல நிக்கி? நம்ம சூளைக் கல்லுதான?"

"காசு குடுத்து வாங்குனேன்."

"நான் சும்மா குடுத்தேன்னு சொன்னேனா? உம்ம மாந்தோப்புல கெடக்க வண்டல் வானத்துலேர்ந்து விழுந்துச்சாக்கும். அதையும் விடும். மலையிலேர்ந்து வார ஓடை எங்க போகுதுன்னு பாத்தீரா? உம்ம தோப்புக்குக் கரை போட்டீருல்லா, கண்ணு நட்டப்ப? அதுல முட்டி, திரும்பி, ரோட்டோரமாப் போயிக்கிட்டு இருக்கு. பள்ளத்துக்கு நான் பதில் சொல்லுதேன். வரத்துக்கு நீரு சொல்லும்."

ராக்கப்பனுக்கு முகம் சுண்டியது. மாங்கன்றுகள் ஓடை வெள்ளத்தில் அடித்துப்போகாமல் இருக்க அவர்தான் அந்தக் கரையை எழுப்பினார், கல்யாணம் நடந்த அதே வருஷம். தன் பட்டா நிலத்தில்தான் போட்டார். தன் நிலத்தில் தான் போட்ட கரை மடைக்காரனான தன்னுடைய கண்மாயையே மறிக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.  திரும்பி வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தார்.

"எங்க போறீக இந்த மழையில?" என்றாள் முனீஸ்வரி, அவர் மனைவி.

"தோப்புக்கரைய வெட்ட."

"கிறுக்குப் புடிச்சிருச்சா? மரம் இப்பத்தான் காப்புக்கு வந்திருக்கு. வேர்ல தண்ணி நின்னா அம்புட்டும் போயிரும்."

"போகட்டும்."

வெட்டினார். கூலிக்கு வந்த இரண்டு பேர் தயங்கி நிற்க, முதல் வெட்டு அவரே போட்டார். ஓடை செம்மண் நிறத்தில் தோப்புக்குள் பாய்ந்து, மாமரங்களைச் சுற்றி நுரைத்து, மறுபக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் இறங்கியது. வயசான மனுஷன் நெஞ்சளவு நனைந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளுக்குள் ஒன்று எழும்பியது. மனசுக்குள்ளேயே கலிங்கின் கீழே துள்ளும் விராலைப் பார்த்தார்; ஈரச் சாக்கில் அதைச் சுற்றினார்; ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் இறங்கினார்; "ஏட்டி, சட்டியக் கழுவு" என்று வாசலிலேயே குரல் கொடுத்தார்.

தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஏறியதையெல்லாம் பள்ளங்கள் குடித்தன. மழை ஓய்ந்தபோது கலிங்குக் கல் காய்ந்தே இருந்தது.

வண்டி வரும் நாளுக்கு முந்தின நாள் முனீஸ்வரி சொன்னாள்: "ராஜபாளையம் மார்க்கெட்டுல தொட்டியில உசிரோட விரால் விக்கான். ஒண்ண வாங்கிட்டுப் போங்க. மீனு என்ன, ஊரு பேரு சொல்லவா போகுது?"

"அது எந்த ஊருக் குட்டையில வளந்ததோ. அதக் கொண்டுபோய்க் குடுத்தா, நம்ம கண்மாய் பாஞ்சிருச்சின்னு அவகிட்ட சொன்ன மாதிரி. பாயலையே."

"அப்ப போகாதீக. இங்கயே ஒக்காந்து மானத்தக் காத்துக்கிட்டு இருங்க. அவ போயிருவா."

மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டி, மீசையைச் சீவி, வெறுங்கையோடு பஸ் ஏறினார். ராஜபாளையத்தில் இறங்கியபோது கால் தானாக மார்க்கெட் பக்கம் திரும்பியது. தொட்டியில் கறுப்பு விரால்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. "சொல்லுங்கய்யா, அடிச்சுத் தரவா, உசிரோடயா?" என்றான் கடைக்காரன். செத்த நேரம் நின்று பார்த்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

சுந்தரம்மாள் வீட்டு வாசலில் லாரியும், பின்னால் வினோத்தின் காரும் நின்றன. கட்டிலும் பீரோவும் ஏறிவிட்டன. ராக்கப்பன் எதிர்ப்புறம், அடைத்துக் கிடந்த தையல் கடை ஓரத்தில் நின்றுகொண்டார். வினோத் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். அவள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. போனில் கேட்ட குரலுக்கு இந்தத் தலையை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வெறுங்கையா வந்திருக்கீக" என்றாள் அங்கிருந்தபடியே.

"தண்ணி வந்துச்சு தாயி. நிக்கல."

"அண்ணி சொன்னாக. தோப்புக்கரைய வெட்டுனீகளாமே."

"வாசல்ல ஏறமாட்டேன்."

"யாரு ஏறச் சொன்னா? அது இப்ப என் வாசலும் இல்ல. தெருவுல நிக்க மாட்டேன்னு அன்னைக்குச் சொன்னீகளா? சொல்லலையே!"

தெருவைக் கடந்து வந்தாள். தையல் கடைப் படியைச் சேலைத் தலைப்பால் தட்டி அவரை உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தாள். வழிக்குக் கட்டியிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். சாப்பிட்டார். தெருவில் போன தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் தலை குனியவில்லை.

"ஓசூர்ல கண்மாய் இருக்குமாண்ணே?"

"ஏரிம்பாங்க."

"அது நெறைஞ்சா யாரு வந்து சொல்லுவா எனக்கு?"

அவர் கவளத்தை மென்றுகொண்டே இருந்தார்.

"நம்மது பாஞ்சா ஓசூருக்கு மீனு வருமா?"

"ஒரு ராத்திரிப் பயணம். தாங்காது, நாறிரும்."

"அப்பக் கருவாடாப் போட்டுக் கொண்டாங்க. மறுகால் கருவாடு!"

அவரையறியாமல் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அவர் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். வினோத் காரில் ஹாரன் அடித்தான். எழுந்து இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"நெசமாச் சொல்லுங்கண்ணே. இனிமே பாயுமா?"

பாயும் என்று சொல்ல ராக்கப்பன் வாயெடுத்தார். மடைக்காரர் வீட்டு ஆண்கள் எதைக் கேட்டாலும் உண்டு அல்லது இல்லை என்று சொல்லியே பழகியவர்கள். பள்ளங்களும், சரளையும், மலையிலிருந்து இறங்கி வழி தெரியாமல் திரும்புகிற ஓடையும் அவர் கண் முன்னே நின்றன.

"பாக்கேன் தாயி" என்றார்.