சமையல் மேடையின் உயரம்

வீடு பார்க்க வந்த பெண் சமையலறைக்குள் நுழைந்து, மேடையின் முன்னால் நின்று, இல்லாத பாத்திரம் ஒன்றைக் கழுவுவதுபோல இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். அவள் நல்ல உயரம். நிலைப்படியைத் தாண்டும்போதே தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது முதுகும் வளைந்தது. ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னங்க இது, இவ்வளவு தாழ்வா இருக்கு? யாருக்குக் கட்டினது?”

வீட்டுக்காரர் அந்த மேடையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பெயிண்டுக் கடையில் நின்றவர். ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் அவர் ‘பெயிண்டுக்காரர்’தான். சுவரில் தலைமுடி பருமனுக்கு விரிசல் இருந்தால் வாசலில் இருந்தே சொல்லிவிடுவார். ஆனால் ஒன்றரை மாதமாகத் தன் காபியை எடுத்துக் குடித்த மேடை மற்ற வீடுகளைவிட நான்கு விரல் தாழ்வாக இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை. சமைக்கிறவராக இருந்தால் அல்லவா படும்!

“அது ஒரு விஷயமே இல்லம்மா. ரெண்டு நாள் வேலை. கொத்தனாரை வரச்சொல்லி உங்க உயரத்துக்கு ஏத்திக் கொடுத்துடறேன்.”

அந்தப் பெண் தன் கணவனைப் பார்க்க, அவன் தலையசைக்க, பேச்சு அடுத்தபடியாகச் சுவர் நிறத்துக்குப் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெயிண்டுக்காரர் மனைவி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய கவசகுண்டலம். அதனால்தான் எல்லோருக்கும் அவள் ‘சாவியக்கா’.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெயிண்டுக் கடையை முதலாளி மூடிவிட்ட சமயம். ஒரு ஹோட்டல் மாடியில், நிலத்திலும் வீட்டிலும் பணம் போட்டுப் பெரிய ஆளாவது எப்படி என்று கோட்டு போட்ட ஒருவர் வகுப்பெடுக்கிறார் என்று மனுஷன் போய் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது கால் தரையில் இல்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். சீண்டுவாரற்றுக் கிடக்கிற வீட்டை வாங்கு, செப்பனிடு, விற்றுவிடு. வந்ததை வைத்து ஒரு கொட்டகை போட்டு, அறை அறையாகத் தடுத்து, வீட்டில் இடமில்லாதவர்கள் சாமான் வைத்துக்கொள்ள வாடகைக்கு விடு. “சாமான் குடியிருந்தா குழாய் ஒழுகுதுன்னு நம்மளக் கூப்பிடாது பாரு,” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்: வீட்டின் மேல் ஆசை வைக்காதே.

சொன்னபடி செய்தும் காட்டினார், அதை மறுக்க முடியாது. குடியிருந்த சொந்த வீட்டை விற்று முதல் பாழ்வீட்டை வாங்கினார். அதை விற்று இரண்டாவது. அதிலிருந்து கொட்டகையும் வந்தது, ஷட்டர் போட்ட பதினாறு அறைகளோடு. இப்போது இது மூன்றாவது வீடு. ஆள் இல்லாத வீட்டில் சிமெண்டு மூட்டைக்குக் கால் முளைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிகிறவரை இவர்களே குடியிருப்பார்கள். இரண்டு பெட்டி, ஒரு பாய், நான்கு பாத்திரம், ஒரு அடுப்பு. மற்ற சாமானெல்லாம் கொட்டகையின் ஒன்பதாம் அறையில். “ஒரு ஆறு மாசம் பொறுத்துக்க,” என்று சொல்லி வைத்தது. அந்த ஆறு மாதம் ஐந்து வருடமாகிவிட்டது.

ஐந்து வருடமாகச் சாவியக்கா தூசியில்தான் குடித்தனம் நடத்துகிறாள். சோற்றில் சிமெண்டு, தலையணையில் சுண்ணாம்பு. ஒரு வீட்டில் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரத் தொடங்கிய வாரமே அதை யாரோ வாங்கிப் போய்விடுவார்கள். ஜன்னல் கதவு சத்தமில்லாமல் மூடத் தொடங்கினால் புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறேன் என்றவளிடம், “நானே வந்து பார்த்துக்கறேன்டி,” என்று சொல்லும்படி ஆனது. எந்த வீட்டுக்கு வரச்சொல்வது?

கொட்டகையின் வாடகை, சாவியெல்லாம் அவள் பொறுப்பு. அங்கே உட்கார்ந்து அவள் பார்க்காத ஜனமா! ஒருத்தர் மாதத்துக்கு ஒருமுறை வந்து ஷட்டரைத் தூக்குவார், தன் சோபாவை ஒரு நிமிடம் பார்ப்பார், மறுபடி இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விடுவார். ஆரம்பத்தில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒருநாள் தானும் ஒன்பதாம் அறையைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே நிற்பதைக் கண்டாள். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. அதன்பிறகு அந்த அறைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

மேடை விஷயம் இப்படித்தான் நடந்தது. கொத்தனார் அளவு நாடாவை நம்பாத ஆள். எந்த வீட்டிலும் சமையல் மேடைக்கு முன்னால், சமைக்கப்போகிறவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துத்தான் அளவெடுப்பார். முந்தைய இரண்டு வீட்டிலும் அவரிடம், “விக்கிற வீடு தம்பி, எல்லாருக்கும் வைக்கிற உயரமே வை,” என்று அவளே சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டிலும் அவர் வழக்கம்போல, “அக்கா, செருப்பைக் கழட்டிட்டு வந்து நில்லுங்க. கையை மடக்குங்க,” என்றார். அவளும் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வரவில்லை. போய் நின்றாள். அவர் அவளுடைய முழங்கைக்குக் கீழே நான்கு விரல் வைத்து, காதில் இருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். அவள் குள்ளம். கோடும் கீழே விழுந்தது. பிறகு ஒன்றரை மாதம் தோள்பட்டை வலி இல்லாமல் சமைத்தாள். காய் நறுக்கும்போது எக்கி நிற்க வேண்டியதில்லை. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டுகூட வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வந்தவர்கள் போனபிறகு பெயிண்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அந்தக் கொத்தனாருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? யாரு அளவு சொன்னது?”

“நான்தான் போய் நின்னேன்.”

“விக்கிற வீடுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா நின்ன?”

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

“எனக்கு அலுத்துப்போச்சுங்க. இனிமே என்னால மூட்டை கட்ட முடியாது. இந்த வீட்டுலயே இருந்துடலாம்.”

அவர் நிலையில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் அறுபதை நெருங்குகிறது. பெயிண்டு தூசியும் சுண்ணாம்புமாக மூச்சு இழுப்பு வேறு. “உனக்கு மட்டும்தான் அலுப்பா? எனக்கு இல்லையா?” என்றார். குரலில் சண்டை இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “இது போனாத்தான் கொட்டகைக்குப் பின்னாடி இருக்கிற இடம் நம்ம கைக்கு வரும். இன்னொரு வரிசை அறை போட்டுட்டா உட்கார்ந்து சாப்பிடலாம். இன்னும் ஒரே ஒரு வீடும்மா. அதுதான் கடைசி.”

அந்த ஒரே ஒரு வீட்டை அவள் போன வாரமே பார்த்துவிட்டு வந்திருந்தாள். கூரையில் ஆகாயம் தெரிந்தது. போன வீட்டிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார், அதுவும் இதே போல நிலையில் சாய்ந்துகொண்டு. அவள் பதில் பேசவில்லை. அவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடப் பழக்கம்.

மறுநாள் காலை அவர் கொத்தனாரைக் கூட்டிவரக் கிளம்பினார். சாவியக்கா கொட்டகைக்குப் போனாள். பழைய புத்தக வியாபாரி ஒருவர் அறை வேண்டும் என்று பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பதினாறும் நிறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அவளே கையை விரித்தவள், இன்று அவளாகவே போனில் கூப்பிட்டாள்.

“அறை இருக்கு. வண்டியோட வாங்க.”

“இப்பவேவா?”

“இப்பவே. ஆனா ஒண்ணு. உங்க வண்டி முதல்ல என் சாமானை ஏத்திக் கொண்டுபோய் இறக்கணும். அப்புறம்தான் உங்க புத்தகம்.”

ஒன்பதாம் அறையின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. தோளைக் கொடுத்து நெம்பினாள். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கட்டில், துணி பீரோ, மகளின் படிப்பு மேஜை, கைப்பிடி வைத்த மர நாற்காலி. கல்யாணமான வருடம் வாங்கிய நாற்காலி. அவர் கடையிலிருந்து வந்ததும் அதில்தான் சாய்வார். அதன்மேல் யாரையும் உட்காரவிடமாட்டார், பூனையைக்கூட. வண்டிக்காரர்கள் கட்டிலைத் தூக்கினார்கள். அவள் தன் முந்தானையால் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள், துடைக்கத் துடைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தானே தூக்கிப் போய் வண்டியில் வைத்தாள். பிறகு கொத்திலிருந்து ஒன்பதாம் சாவியைக் கழற்றிப் புத்தகக்காரர் கையில் கொடுத்தாள்.

பெயிண்டுக்காரர் கொத்தனாரோடு வந்து சேர்ந்தபோது பத்தரை மணி இருக்கும். கொத்தனார் தோளில் சம்மட்டி. வாசலிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். கூடத்தில் கட்டில் கிடந்தது. சுவரோரம் பீரோ. ஜன்னலடியில் மேஜை, அதன்மேல் மகளின் பழைய பேனா ஸ்டாண்டுகூட ஏறியிருந்தது. சாவியக்கா பீரோவின் மேல்தட்டில் புதுக் காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இதெல்லாம்?”

“ஒன்பதாம் அறையை வாடகைக்கு விட்டுட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தார் பாவம்.”

அவர் நோட்டுப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் இப்போது புரட்டியிருப்பார். கொத்தனார் நிலைமையைப் புரிந்துகொண்டு, செருமிக்கொண்டு, மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினார். பெயிண்டுக்காரர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவ்வளவு இருந்ததா என்பதுபோல. நாற்காலியிடம் வந்ததும் நின்றார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஐந்து வருடம் ஏதோ மூட்டையைச் சுமந்துவிட்டு இப்போதுதான் இறக்கிய மாதிரி ஒரு பெருமூச்சு அவரிடமிருந்து வந்தது. நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்து ‘டொக்’ என்றது.

“இது ஒரு கால் ஆடுமே,” என்றார்.

“ஆடிட்டுத்தான் இருக்கு,” என்றாள் அவள், காகிதத்தை நீவிக்கொண்டே.

சமையலறையிலிருந்து கொத்தனாரின் குரல் கேட்டது. “அண்ணே, இடிச்சா புது உயரம் வேணுமே. அளவுக்கு யாரு வந்து நிக்கிறீங்க?”

சாவியக்காவின் கை நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் சட்டைப்பையில் எதையோ துழாவும் சத்தம். பிறகு தாங்க முடியாமல் திரும்பினாள். வாங்குகிறவர்கள் நிறம் தேர்ந்தெடுப்பதற்காக அவர் கொண்டுவந்திருந்த வண்ண அட்டை அவர் கையில் இருந்தது. அதை நான்காக மடித்தார். நகத்தால் மடிப்பை அழுத்தினார். குனிந்து, மூச்சு வாங்க, அதை நாற்காலியின் ஆடும் காலுக்கடியில் திணித்தார்.

“அண்ணே?” என்றார் கொத்தனார் மறுபடி.

அவர் நிமிர்ந்து சாய்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்து, ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.