அபாயம் சார் வீட்டுப் பரண்

இதனால் வீட்டார், அண்டை அயலார் மற்றும் கூரைவாழ் ஜீவராசிகள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று பொழுது சாய்வதற்குள் இந்த வீட்டுப் பரணில் அணில் என்ற பேச்சே இருக்காது.

அறிவித்தவர் ஒரு தொழிற்சாலையின் தீப் பாதுகாப்பு அதிகாரி. அங்கே அவருக்கு 'அபாயம் சார்' என்று பெயர். அறிவிப்பைக் கேட்க இருந்தது மனைவி மட்டும்தான். அவளும் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அணிலுக்குச் சொல்லியாச்சா?" என்றாள்.

சிரிக்கிற விஷயமா இது? சாயங்காலம் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். மாடி அறையில் தொட்டில் போட்டாயிற்று. தொட்டிலுக்கு நேர் மேலே, உள்கூரையில், அவரே தன் கையால் பொருத்திய புகை அலாரம். வீட்டுக்கு வரும் எவரும் அதை அண்ணாந்து பார்க்காமல் தப்பித்ததில்லை. அதற்கும் மேலே பரண். காலையில் டார்ச்சோடு ஏறியவர் கண்ணில் பட்டது இதுதான். அணில் கொறித்துக் கொறித்து, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு வயர். ஒட்டினாற்போல் பஞ்சும் சருகுமாக ஒரு குவியல். ஒரு பொறி போதும். உடனே மாடி மின்சாரத்தை அணைத்தார். முதலில் அணில், அப்புறம் வயர். எதிலும் வரிசை முக்கியம்.

ஓட்டுக்கு அடியில் ஒரு கை நுழையும் சந்து, அதுதான் அணிலுக்கு வாசல். உள்கூரையில் காதை வைத்துக் கேட்டார். கப்சிப்.

"கட்டடம் காலி!" என்று முழங்கிவிட்டு, ஏணியில் ஏறி, சந்தின் மேல் கம்பிவலையை வைத்து ஆணி அடித்தார். ஒரு ஆணி போதாதென்று பக்கத்திலேயே இன்னொன்று.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது வெளியே கூச்சல் கிளம்பியது. கம்பிவலையைப் பற்றிக்கொண்டு தொங்கிய அணில் வலையைக் கடித்தது, கத்தியது, மறுபடி கடித்தது. மனைவி மெல்ல உள்கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கிருந்து நூலிழைபோல் ஒரு பதில் வந்தது.

"ஏங்க... உள்ள குட்டிங்க இருக்கு."

தொழிற்சாலைச் சுவர் முழுக்க அவர் எழுதி வைத்த வாசகம் ஒன்று உண்டு: 'வெளியேறும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்.'

"நான் கேட்டேனே, சத்தமே இல்லையே!"

"தூங்கியிருக்கும். பச்சப்புள்ள நாள் பூரா கத்திக்கிட்டேவா இருக்கும்? நம்ம வீட்டுலயும் ஒண்ணு வருதுல்ல, வந்ததும் தெரிஞ்சுக்குவீங்க."

திரும்ப ஏணி. அடித்த ஆணி ஒவ்வொன்றும் அவர் கைத்திறமைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு வர மறுத்தது. ஒருவழியாக வலையைப் பிடுங்கிவிட்டு இறங்கினால், அணில் மதில்மேல் உட்கார்ந்து அவரையே முறைத்தது. உள்ளே போகவில்லை.

"நீங்க கொக்கு மாதிரி நின்னா அது எப்படிங்க போகும்? உள்ள வாங்க!"

ஜன்னல் ஓரம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாய் போகாவிட்டால்? குட்டிகள் அங்கேயே, தொட்டிலுக்கு நேர் மேலே... அதற்கு மேல் யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை. மகள் கிளம்பிவிட்டதாகப் போன் வேறு வந்தது.

கடைசியில் அணில் சந்துக்குள் நுழைந்தது. வாயில் சிவப்பாக எதையோ கவ்விக்கொண்டு வெளியே வந்து, மதில்வழியே ஓடி, எதிர் மரத்தில் மறைந்தது. திரும்பி வந்தது. இன்னொன்று. மூன்றாவதாக அது உள்ளே போன நேரம் பார்த்துத் தெருமுனையில் மாப்பிள்ளையின் கார் திரும்பியது.

அபாயம் சார் வெறுங்காலோடு தெருவில் பாய்ந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஹாரன் அடிக்காதீங்க மாப்பிள்ளை! அப்படியே நில்லுங்க!"

மகள் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினாள். "என்னப்பா? தீயா?"

"இல்லம்மா. வீடு காலி பண்ணிக்கிட்டிருக்காங்க."

"யாரு?"

அவர் கூரையைக் காட்டினார். கடைசிக் குட்டியும் மதிலைத் தாண்டியது.

இந்த முறை பரணுக்குள்ளேயே ஏறி, பஞ்சைப் பிடிப்பிடியாக அள்ளி உதறிப் பார்த்த பிறகுதான் வலையை அடித்தார். நிமிர்ந்தபோது அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"எல்லாரும் கீழயே இருங்க! இனிமேதான் உண்மையான அபாயம். குழந்தைய மாடிக்குக் கொண்டு வரக்கூடாது!"

மின்சாரத்தைப் போடச் சொல்லிவிட்டு, டெஸ்டரைக் கொறித்த வயரில் வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எரியவில்லை. வயரைக் கையால் தடவிக்கொண்டே தவழ்ந்தார். ஒரு முனை புகை அலாரத்துக்குள் இறங்கியது. மறுமுனை எதிலும் சேராமல், ஒட்டடைக்கு நடுவே கிடந்தது.

அவர் அலாரம் பொருத்திய நாளிலிருந்து அந்த வயரில் மின்சாரம் ஓடியதே இல்லை.